புகைக்கூண்டுக்கு ஆள் தேடியபோது

1

நாங்கள் குடியிருக்கும் வீட்டின் தகரக் கூரையில் ஒன்பது அங்குல அகலத்துக்கு ஒரு துளை போட்டுக்கொள்ளலாம் என்று போன வாரம் உத்தரவு வந்தது. விண்ணப்பம் போட்டது தை மாதம். உத்தரவு வந்தது ஆனியில். இடையில் இரண்டு முறை ஆபீஸிலிருந்து ஆள் வந்தார்கள். துளை எங்கே வரப்போகிறது என்று கேட்டார்கள், இன்னும் வராத துளையை அண்ணாந்து பார்த்தார்கள், குறித்துக்கொண்டு போனார்கள்.

நான் மலாயாவில், ஈப்போ நகரத்தில், தமிழ்ப் பள்ளி ஆசிரியன். பள்ளியை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. வீடு நல்ல வீடு. அடுப்படி மட்டும் நான்கு புறமும் அடைத்த பெட்டி. விறகைப் பற்றவைத்தால் புகை போக இடமில்லாமல் கூடத்துக்கு வந்து, விருந்தாளியைப் போல உட்கார்ந்துகொள்கிறது.

கடல் கடந்து போனவனுக்கு எழுத வேறு விஷயம் கிடைக்கவில்லையா என்று அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து வாசகர்கள் கேட்கக்கூடும். ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் இங்கே கண்ணெதிரில்தான் இருக்கின்றன. ஆனால், ஒரு வீட்டில் சமைக்கிறவளின் கண்ணும் மூச்சும் எப்படி இருக்கின்றன என்பதை வைத்தே அந்த வீட்டின் நியாயத்தை அளக்கலாம் என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கை கல்லூரியில் வந்ததில்லை. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓர் அண்ணியும் ஒரு சுண்ணாம்புக் காளவாயும் தேவைப்பட்டன.

உத்தரவை வாசித்துக் காட்டியதும் என் மனைவி மரகதம் அடுப்படியிலிருந்து இருமிக்கொண்டே வந்தாள்.

"சரி, ஓட்டை போடலாம்னுட்டாங்க. போடுறது யாரு?"

"இவ்வளவு பெரிய டவுனில் ஆள் இல்லாமலா போய்விடும்?"

"ஆளு எங்கேயும் இருக்கும். நம்ம வூட்டுக்கு அரும்பாவூர்லேருந்துகூட ஒரு ஆளு வந்தாரு. மறந்துட்டீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். எங்கள் மகள் வசந்தா, ஒன்பது வயது, புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அப்பா, பெரியம்மா வூட்டுல கூரை மேலே கிணறு இருந்துச்சுல்ல? ஸ்கூல்ல சொன்னா யாருமே நம்ப மாட்டேங்கறாங்க."

ஊரைப் பற்றி அவளுக்கு மிச்சமிருக்கும் நினைவு அது ஒன்றுதான். மற்றவற்றை மலாய்ச் சொற்களும் ஆங்கிலப் பாட்டுகளும் ஒவ்வொன்றாக நகர்த்திவிட்டன. மிஞ்சிய அந்த ஒன்றும் பொய்யென்று அவளுடைய தோழிகள் சொல்கிறார்கள். ஆகவே உண்மையை எழுதி வைத்துவிடுவது என் கடமை.

2

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம். நான் அரியலூரில் பள்ளிக்கூட வாத்தியார். மரகதமும் குழந்தையும் என்னோடு டவுனில் இருந்தார்கள். அண்ணன், அரியலூருக்கும் உடையார்பாளையத்துக்கும் நடுவே உள்ள எங்கள் ஊரில், நிலத்தையும் பூர்வீக வீட்டையும் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டின் இரண்டு பக்கச் சுவர்களும் பங்காளிகள் வீட்டோடு ஒட்டியவை. அடுப்படி அவற்றுக்கு நடுவில், கொல்லைச் சுவரை ஒட்டி, ஜன்னல் இல்லாமல் இருந்தது. புகை தானாக மனம்வைத்து ஓட்டு இடுக்குகள் வழியே வெளியேறினால்தான் உண்டு.

அண்ணி சுந்தராம்பாள் கொள்ளிடக்கரையில் திருமழபாடிப் பெண். கல்யாணமாகி நான்காம் வருஷம், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். பெண் பிறந்து மூன்று மாதம் ஆனதும், அழைத்துவர அண்ணன் வில்வண்டி கட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது வண்டியில் அவன் மட்டும் இருந்தான்.

அன்று சாயங்காலம் அரியலூருக்கு வந்து, என் வீட்டுக் கூடத்தில் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தான்.

"வரமாட்டாளாம்டா."

"ஏன், என்ன சொன்னாங்க?"

"மூணு மாசமா என் கண்ணுல தண்ணி வரலைங்கறா. நல்லதுதானேன்னேன். அதைத்தான் நானும் சொல்றேன், அங்கே வந்தா வரும்ங்கறா. 'நாலு வருஷமா நான் அழுதுகிட்டேதான் சோறாக்கினேன். இப்பத்தான் அழாம ஒரு தாலாட்டுப் பாடுறேன். பொகை போனப்புறம் சொல்லியனுப்புங்க, மறுநாளே வரேன்'னுட்டா."

"அவங்க அப்பா, அம்மா?"

"ஒரு வார்த்தை பேசலை. மோரு குடுத்து அனுப்பிச்சாங்க."

ஒரு வாரத்தில் கோபம் தணிந்துவிடும், அதுவரை மரகதம் வந்து சமைத்துப் போடட்டும் என்பது அண்ணனின் யோசனை. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மரகதம் உள்ளேயிருந்தே பதில் சொன்னாள்.

"நான் போயி அந்த அடுப்பை மூட்டினா, அக்கா அங்கே ஒக்காந்திருக்கறதுக்கு என்ன மதிப்பு? ஏங்க, வேலைநிறுத்தம் பண்றவங்க எடத்துல இன்னொருத்தன் போயி நிக்கக் கூடாதுன்னு பக்கம் பக்கமா எழுதுறீங்களே. அது மில்லுக்கு மட்டும்தானா?"

பட்டம் வாங்கியவனை மரகதம் மடக்கிய சந்தர்ப்பங்கள் பல. இது முதலாவது என்று எண்ணுகிறேன்.

அண்ணன் தானே சமைத்தான். மூன்றாம் நாள் நான் சைக்கிளில் ஊருக்குப் போனபோது, அவன் கொல்லையில் நின்று முகத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டிருந்தான். கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழம். உள்ளே சோறு தீய்ந்துகொண்டிருந்தது.

"இதுக்குள்ளயாடா அவ நாலு வருஷமா..." என்று ஆரம்பித்தவன் துண்டை மறுபடி முகத்தில் அழுத்தினான். பிறகு, "புகைக்கூண்டு வச்சுரலாம். ஆனா வைக்கிறதுன்னா, ஜில்லாவுலயே பெரிய கையாப் பாத்துத்தான் வைக்கணும்" என்றான்.

3

பெரிய கை அரும்பாவூரில் இருந்தது. கோயில் வாகனங்கள் செய்வதில் பெயர் எடுத்த ஆசாரி அவர். யாளிக்கு உயிர் கொடுத்தவருக்கு ஓர் அடுப்படிப் புகை எம்மாத்திரம் என்று அண்ணன் கேட்டான். நானும் தலையாட்டினேன். பெரம்பலூர் வழியாக, மரத்தையும் உளிப் பையையும் ஏற்றிக்கொண்டு அவரை வண்டியில் அழைத்து வந்தோம்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அடுப்பு எரியும்போது வெளியாள் யாரும் அடுப்படிக்குள் கால் வைக்கக் கூடாது. நெருப்பை அணைத்து, சாம்பலை அள்ளி, சாணமிட்டு மெழுகி, கோலமும் போட்ட பிறகே ஆசாரியோ கொத்தனாரோ உள்ளே வரலாம். அப்படித்தான் ஆசாரி வந்தார். குளிர்ந்து சுத்தமாக இருந்த அடுப்பைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், நூல் பிடித்தார்.

பத்து நாள் வேலை. ஓடுகளை விலக்கி அவர் பொருத்திய மரப் புகைச் சாளரத்தில், ஒரு தாமரையும் அதை இருபுறமும் கொத்தும் இரண்டு கிளிகளும் இருந்தன. சிறகின் ஒவ்வோர் இழையும் தெரிந்தது. ஊரே வந்து பார்த்தது. அடுப்பை மூட்டினோம். புகை கிளிகள் வரை எழும்பியது. அவற்றின் அழகைச் சற்று நின்று பார்த்தது. பிறகு எங்களை நோக்கித் திரும்பி வந்துவிட்டது. மேல்காற்று அடித்த மறுநாள் வெளியே கிடந்த புகையும் உள்ளே வந்தது. இரண்டே நாளில் கிளிகள் காக்கைகளாயின.

ஆசாரி நேர்மையான மனிதர். சாளரத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "மரம் எம்பேச்சைக் கேக்கும் தம்பி. பொகை கேக்கலை. வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லி, உளிகளைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். அவர்மேல் பிழை இல்லை. பெரிய வேலையில் பெயர் எடுத்தவர் என்பதற்காக, அவருடையதல்லாத வேலையை அவர் தலையில் வைத்தவர்கள் நாங்கள்.

4

இங்கே ஈப்போவிலும் அதே பிழையைச் செய்யப் பார்த்தேன். ஆபீஸில் சிபாரிசு செய்த காண்டிராக்டர் ஒருவரை முதலில் அழைத்தேன். படங்கள் அச்சடித்த புத்தகம் கொண்டுவந்தார். அதில் இருந்த அடுப்படிகள் எல்லாவற்றிலும் வெள்ளைக்கார அம்மாள்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள், ஒருத்தியும் தாளிக்கவில்லை. இரண்டாவதாக ஒரு கொத்தனார் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பேச்சைக் கேட்டதுமே வேலையை அவருக்கே கொடுத்துவிட வேண்டும் என்று மனம் துடித்தது. நம் ஊர்ப் பேச்சு ஒருவரை நல்ல கொத்தனாராக்குமா என்று என்னையே கேட்டுக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

இருவரும் அளவெடுத்துப் போன பிறகு மரகதம் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் கூத்தைப் பாத்தீங்களா? ரெண்டு பேரு வர்றப்பவும் நான் அடுப்பை அணைச்சு, தொடைச்சு, கோலம் போட்டுல்ல வச்சிருக்கேன்!"

உண்மைதான். வழக்கம் எங்களோடு கப்பலேறி வந்து, பாஸ்போர்ட் கேட்கப்படாமலே இறங்கியிருந்தது.

5

ஆசாரி போன பிறகு, செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிவிடலாம் என்று அண்ணன் தீர்மானித்தான். அந்த நாளில் சிமெண்டுக்குப் பர்மிட் வேண்டும். அது வாத்தியார் தம்பியின் பொறுப்பு. மனுப் படிவத்தில் வீடு, கிணறு, கோயில் என்று இனங்கள் இருந்தன. புகைக்கூண்டு இல்லை. அது எந்த இனத்தில் சேரும் என்று ஆபீஸில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாரத்துக்கு இரண்டு முறை போய், அவர்கள் யோசிப்பதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அப்படித் திரும்பிய ஒரு பகலில்தான், டவுனுக்கு வெளியே, சுண்ணாம்புக் காளவாயைத் தாண்டும்போது சைக்கிளை நிறுத்தினேன். பல வருஷங்களாக அந்த வழியில் போய்வந்தவன் நான். அன்றுதான் பார்த்தேன். ஆளுயரக் காளவாயில் நெருப்பு குமுறிக்கொண்டிருந்தது. புகை ஒரே தூணாக மேலே போனது. அதன் வாயருகே நாற்பது வயதுப் பெண்மணி ஒருத்தி, கண்ணைக்கூடச் சுருக்காமல், உட்கார்ந்து கல்லைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் பெயர் செங்கமலம் என்பது பிறகு தெரிந்தது.

"ஏம்மா, இவ்வளவு புகையிலே உங்களுக்குக் கண்ணு எரியலையா?" என்றேன்.

'உங்களுக்கு' என்று நான் யாரைச் சொன்னேன் என்று அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. பிறகு சொன்னாள்: "பொகை மேலே போவுது வாத்தியாரய்யா. நான் கீழே இருக்கேன். எனக்கும் அதுக்கும் என்ன சண்டை?"

"ஒரு வீட்டு அடுப்புக்கு இப்படிச் செய்ய முடியுமா?"

"காளவாய்க்குப் பெரிய வயிறு, அடுப்புக்குச் சின்ன வயிறு. பொகை ஒண்ணுதான்."

"சிமெண்டுக்கு இன்னும் பர்மிட் வரலை."

அவள் சிரித்தாள். "சுண்ணாம்பு மேலே நின்னுகிட்டுல்ல சிமெண்டு கேக்குறீங்க!"

பையில் இருந்த மனுவின் நகலை இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டேன். "எப்போது வந்து அளவு பார்ப்பீர்கள்?"

"அடுப்பு எரியறப்ப."

எங்கள் வழக்கத்தை விளக்கினேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே தாழ்ந்து கேட்டது. அவளுடைய வகுப்பார் எங்கள் வீட்டு நடையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை என்பதை நான் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும். கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப, எரியாத அடுப்புலேருந்து வர்ற பொகைக்குத்தானே கூண்டு கட்டணும்? அதுக்கு நான் எதுக்குங்க?"

"சரி, எரியட்டும். அண்ணன் சமைத்துக் காட்டுவார்."

"அவரா தெனம் ஆக்குறாரு?"

"இல்லை. அண்ணி."

"அப்ப அவங்கதான் ஆக்கணும். அவங்க எவ்வளவு ஒசரம், எந்தப் பக்கம் ஒக்காந்து ஊதுவாங்க, எப்படிக் குனிவாங்க, எல்லாம் பாத்தாத்தான் கூண்டோட வாயை எங்கே வைக்கறதுன்னு தெரியும்."

"அவங்க புகை போனாத்தான் வருவாங்களாம்."

"அவங்க வந்தாத்தான் பொகை போவும்" என்றாள் செங்கமலம், கல்லைத் தள்ளியபடி.

6

வீட்டில் அண்ணனிடம் நான் பாதியைத்தான் சொன்னேன். மீதிப் பாதியை, அதாவது எரியும் அடுப்பருகே செங்கமலம் வந்து உட்கார வேண்டும் என்பதை, திருமழபாடிக்குப் போய் அண்ணியிடம் சொல்வது என்று முடிவு செய்தேன். வழக்கத்தை உடைத்தால் ஊரில் என்ன பேச்சு வரும், உடைக்காவிட்டால் வீட்டில் என்ன ஆகும் என்று வழியெல்லாம் நிறுத்துப் பார்த்தேன். பெட்ரோல் பஞ்சத்தில் பின்புறம் கரியடுப்பு வைத்து ஓட்டிய பஸ், மேடு வந்த இடத்திலெல்லாம் நின்று இருமியது. யோசிக்க நேரம் தாராளமாகக் கிடைத்தது.

அண்ணி தாய்வீட்டுக் கொல்லையில், குழந்தையை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் தெளிந்து, வேறு யாரோ போல இருந்தாள். நான் ஆசாரியின் கதையைச் சொன்னதும், "கிளி வேணும்னு நான் எப்பத் தம்பி சொன்னேன்?" என்றாள்.

"சொல்லலைங்க, அண்ணி."

"வேணுமான்னு உங்கண்ணன் கேட்டாரா? நீங்களாவது கேட்டீங்களா?"

"கேக்கலை."

"பி.ஏ. படிச்சிருக்கீங்க."

  பிறகு செங்கமலம் சொன்னதைச் சொன்னேன். குழந்தையின் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"என்னோட ஒசரத்தையா கேட்டாங்க?"

"ஆமாம். எந்தப் பக்கம் உட்கார்ந்து ஊதுவீர்கள் என்றும் கேட்டார்கள்."

"இடது பக்கம்" என்றாள் அண்ணி உடனே, அந்த அடுப்பு எதிரிலேயே இருப்பதுபோல. குழந்தையின் மறு காலை எடுத்து எண்ணெய் தேய்த்தாள். பிறகு, "வரேன். ஆனா எட்டு நாளுக்குத்தான். மூட்டையைப் பிரிக்க மாட்டேன். கூண்டு வச்சப்புறமும் கண்ணு கலங்கிச்சோ, கட்டின மூட்டை கட்டினபடியே வண்டியேறும். உங்கண்ணன்கிட்டச் சொல்லிருங்க" என்றாள்.

அவளுடைய தகப்பனார் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். இந்த முறை லேசாகச் சிரித்ததாக நினைவு.

7

முந்தாநாள் மூன்றாவது ஆள் வந்தார். மார்க்கெட் முனையில் தகரக் கடை வைத்திருக்கும் சீனர். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்குச் சீனம் தெரியாது. வசந்தாதான் நடுவில் நின்று மலாயில் பேசினாள். அவள் தமிழை விட்டுப் போகிறாளே என்று நான் வருந்தும் அந்த மலாய்தான் அன்று எங்களைக் காப்பாற்றியது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அவர் துடைத்து வைத்த அடுப்பைப் பார்த்தார். கோலத்தைப் பார்த்தார். வசந்தாவிடம் என்னவோ சொன்னார்.

"அம்மா, நெருப்பைப் பத்தவைக்கணுமாம். நீங்க எப்பவும் என்ன சமைப்பீங்களோ அதைச் சமைக்கணுமாம்."

மரகதம் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அடுத்த நிமிஷம் விறகு எரிந்தது; எண்ணெய் காய்ந்தது; ஒரு கைப்பிடி மிளகாய் வற்றல் அதில் விழுந்தது. நான்கு பேரும் தும்மினோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாய்விட்டுச் சிரித்து, சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் ஒரு கோடு போட்டார். சரியாக மரகதத்தின் நெற்றிக்கு மேலே ஒரு சாண்.

"இவருதாங்க" என்றாள் மரகதம்.

உத்தரவில் மூன்றாவது நிபந்தனை ஒன்று இருக்கிறது: வீட்டைக் காலி செய்யும்போது துளையைப் பழையபடி அடைத்துக் கொடுக்க வேண்டும். எனக்குப் பிறகு வரும் குடும்பத்திலும் ஒருத்தி சமைப்பாளே, அவள் கண்ணுக்கு யார் பொறுப்பு என்று கேட்டு, துளையை நிரந்தரமாக இருக்க விடும்படி நேற்றிரவே ஒரு மனு எழுதினேன். இதற்கு எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. கூண்டு வருகிற புதன்கிழமை வருகிறது. அன்று கிளம்பிய தகரக் கடைக்காரரிடம் வசந்தா தன் கூரைக் கிணற்றைப் பற்றிச் சொன்னாள். அவர் மட்டும் நம்பினார்.

8

கிணற்றின் கதை இதுதான்.

அண்ணி வந்து இறங்கினாள். இடுப்பில் குழந்தை, வண்டியில் பச்சைப் புடவையால் கட்டிய ஒரு மூட்டை. அதை நடையிலேயே வைக்கச் சொன்னாள். நேராகப் போய் அடுப்பை மூட்டினாள். மரகதம் குழந்தையை வாங்கிக்கொண்டாள். செங்கமலம் கொல்லை வாசலில் நின்றாள். அண்ணன் அடுப்படி வாசலில் நின்றான்.

"அடுப்பு எரியுதே..." என்றான் அண்ணன், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல்.

"எரியணும்னுதானே கூப்பிட்டிருக்கு" என்றாள் அண்ணி உள்ளேயிருந்து. "நீங்க உள்ளே வாங்கக்கா."

அந்த 'அக்கா' எங்கள் வீட்டில் அதுவரை அவளுடைய வகுப்பார் யாருக்கும் யாரும் கொடுக்காத சொல். செங்கமலம் அசையவில்லை, அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், காக்கையான கிளிகளைப் பார்த்தான். பிறகு வாசலிலிருந்து ஓரடி ஒதுங்கி நின்றான். நான் கல்லூரியில் படித்த சீர்திருத்தங்கள் அனைத்தையும்விட அந்த ஓரடி எனக்குப் பெரிதாகப் பட்டது.

செங்கமலம் அண்ணிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு சமையல் முழுவதும் பார்த்தாள். நூல் பிடிக்கவில்லை. ஒரு கரித்துண்டால் சுவரில் மட்டும் கோடிட்டாள். "உங்க நெத்திக்கு மேலே ஒரு சாண். கீழே வச்சா தலை இடிக்கும். மேலே வச்சா பொகை தப்பிச்சுக்கும்." பிறகு எழுந்து, பின்சுவரின் அடியில் ஒரு பொந்து போடச் சொன்னாள்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "பொகையை வெளியே அனுப்பச் சொன்னா, நீ காத்தை உள்ளே வுடுறியே!"

"ஐயா, மூச்சை உள்ளே வாங்காம, வெளியே மட்டும் வுட்டுக்கிட்டே இருங்க, பாப்போம்."

அண்ணன் எதையும் சோதித்துப் பார்க்கிறவன். ஊதினான், ஊதினான், முகம் சிவக்க ஊதினான். கடைசியில் அவன் வாயைப் பிளந்து காற்றை இழுத்தபோது, அண்ணி அடுப்படிச் சுவரில் சாய்ந்து சிரித்தாள். அந்த அடுப்படியில் அவள் சிரித்து நான் கேட்டது அதுவே முதல் தடவை.

"பொந்து போடுங்க" என்றான் அண்ணன்.

ஐந்து நாளில் வேலை முடிந்தது. செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கூண்டு இறங்கியது. அதற்கு மேலே குழாய்க்குச் செங்கமலம் சொன்ன வழி யாரும் எதிர்பாராதது. கிணற்றுக்கு இறக்கும் சுட்ட மண் உறைகளில் சிறியவையாக ஆறு வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரைக்கு மேலே அடுக்கினாள். பக்கத்து வீட்டு முகட்டைவிட அது உயரவேண்டுமாம். இல்லாவிட்டால் மேல்காற்று புகையை மடக்கிவிடுமாம். பங்காளி ஒருவர் தெருவில் நின்று, "ஏப்பா, தண்ணிக்குக் கீழேதான் தோண்டுவாங்க. உங்க வூட்டுல மேலே தோண்டுறீங்களே, ஊத்து வந்துச்சா?" என்று கேட்டார். ஆறு வயது வசந்தா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

ஆறாம் நாள் காலை. செங்கமலம் முதலில் ஒரு பிடி வைக்கோலைக் கொளுத்திக் கூண்டுக்குள் காட்டினாள். "குழாய் சூடேறணும். குளுந்த குழாய்க்குச் சோம்பல் சாஸ்தி." பிறகு அண்ணி விறகை மூட்டினாள், இடது பக்கம் உட்கார்ந்து. புகை எழும்பியது. ஒரு கணம் தயங்கி, எங்களைத் திரும்பிப் பார்ப்பதுபோல நின்றது. பின்பு, யாரோ மேலேயிருந்து கைகொடுத்து இழுத்ததுபோல, கூண்டுக்குள் ஏறிப் போய்விட்டது.

அண்ணன் தெருவுக்கு ஓடினான். "வருது! வருது!" என்று அவன் போட்ட கூச்சலில், எதுவோ பற்றிக்கொண்டது என்று நினைத்து இரண்டு பேர் குடத்தோடு ஓடிவந்தார்கள்.

அன்று முதல் சோறு செங்கமலத்துக்கு. கொல்லையில் போய் உட்காரப் போனவளை அண்ணி கையைப் பிடித்து உட்காரவைத்து, அடுப்படியிலேயே இலை போட்டாள். அண்ணன் வாசலில் நின்று பார்த்தான். உள்ளே வந்தான். "எனக்கும் இங்கேயே போடு" என்று சொல்லிச் சம்மணமிட்டு உட்கார்ந்தான். ஊரில் பேச்சு வந்தது; ஒரு மாதம் இருந்தது. அதே பங்காளி தன் வீட்டு அடுப்படியைப் பார்க்கச் செங்கமலத்தை அழைத்ததும் நின்றது.

ஆனால் மூட்டை நடையில்தான் இருந்தது.

அண்ணன் காலையில் வயலுக்குப் போகும்போது அதைப் பார்ப்பான். பகலில் திரும்பும்போது பார்ப்பான். பச்சை முடிச்சு அப்படியே இருக்கும். அண்ணியிடம் கேட்கத் தைரியமில்லை. அவள் கண்ணை ஜாடையாகப் பார்ப்பான். "என்ன பாக்குறீங்க?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பான். ஏழாம் நாள் அவள் வெங்காயம் நறுக்கிக் கண்ணைத் துடைத்தபோது, கூண்டுக்குள் தலையைவிட்டுப் பார்த்துக் கரியோடு வெளியே வந்தான்.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் வரப்பில் அண்ணனோடு பேசிவிட்டு, அவனுக்குப் பின்னால் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். நடையில் கால் வைத்தவன் நின்றுவிட்டான்.

மூட்டை இல்லை.

 கூடத்தைப் பார்த்தான், யாரும் இல்லை. கொல்லையில் வண்டி நிற்கிறதா என்றுகூடப் பார்க்காமல் அடுப்படிக்கு ஓடினான். நானும் ஓடினேன்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. குழம்பு கொதித்தது. பின்சுவர்ப் பொந்து வழியாகச் சன்னமான காற்றும் வெளிச்சமும் தரையில் படர்ந்திருந்தன. கிளிச் சாளரத்தை ஒட்டிய உத்தரத்திலிருந்து, மூட்டையைக் கட்டியிருந்த அந்தப் பச்சைப் புடவை தூளியாகத் தொங்கியது. அண்ணி ஒரு கையால் குழம்பைக் கிளறிக்கொண்டு, மறு கையால் தூளியை ஆட்டிக்கொண்டு, தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். கண்களில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"மூட்டை எங்கே?" என்றான் அண்ணன், மூச்சிரைக்க.

அண்ணி திரும்பி, உதட்டில் விரலை வைத்தாள்.

"கத்தாதீங்க. தூங்குது."